காடு என்றது நாடு என்று கேட்டபோது

நிகழ்ச்சி தொடங்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மேடையில் மைக் முன் நின்ற பாடகர், பாடிப் பார்ப்பார் என்று நாங்கள் காத்திருக்க, ஒரு வரியைச் சாதாரணப் பேச்சுக் குரலில் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் நின்றிருந்த என்னிடம் அதைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டார். “நாடு எங்கள் பேரில் இல்லை” என்றேன். அவர் தலையை அசைத்து மறுத்தார். “நான் சொன்னது காடு, தம்பி. ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கு. பாட்டே வேற ஆயிடுச்சு பாருங்க.”

தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் வாழ்ந்தும், அந்த நிலத்தின் மீது ஒரு துண்டுக் காகிதம்கூடத் தங்கள் பெயரில் இல்லாத மக்களின் பாட்டு அது. காடு என்பது நாடு என்று காதில் விழுந்தால், நில உரிமை கேட்கும் பாட்டு வேறெதையோ முழங்கும் பாட்டாக மாறிவிடும். கேட்பவர் ஒன்று குழம்பிப்போவார், அல்லது பாடாத ஒன்றுக்காகக் கோபப்படுவார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போராட்டப் பாடல்களைப் பாடிவரும் அந்தப் பெண்மணி, எந்த அரங்குக்குப் போனாலும் முதலில் செய்வது இந்தச் சோதனையைத்தான் என்று பின்னர் அறிந்தேன். அவர் விருப்பப்படி அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. முந்நூறு பேர் அமரக்கூடிய அரங்கம். மேடையில் அவர், அவருடைய கிட்டார், டோலக் வாசிக்கும் ஒருவர், பின்பாட்டுக்கு இருவர். ஒலி ஏற்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக இசை நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்த பழக்கத்தில், ஒலி நன்றாக இருந்தால் இனிமையாக இருக்கும், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். போராட்டப் பாட்டுக்கு அந்த அளவுகோல் போதாது என்பதை அன்று மாலை, அதுவும் நிகழ்ச்சியின் முதல் பாதி கெட்ட பிறகே, கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்ட நிகழ்ச்சியை நடத்தப்போகிறவர்களுக்கும், கேட்கப்போகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பேச்சிலும் பாட்டிலும் உயிரெழுத்துகளுக்கே பலம் அதிகம். ஆகாரமும் ஏகாரமும் எவ்வளவு மோசமான அரங்கிலும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு சொல்லை இன்ன சொல் என்று காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் மெய்யெழுத்துகள், அவற்றிலும் குறிப்பாக வல்லினம். க, ச, ட, த, ப, ற ஆகியவற்றின் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி மட்டுமே நீடிக்கிறது. அவற்றின் அடையாளத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில், மிகக் குறைந்த பலத்தோடு இருக்கிறது. டோலக்கின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தின் அதிர்வும், கிட்டாரின் கீழ்க்கம்பிகளும், அரங்கச் சுவர்கள் திருப்பியனுப்பும் எதிரொலியும் சேர்ந்து முதலில் மூடி மறைப்பது இந்த மெல்லிய பகுதியைத்தான். குரல் கேட்கும், ராகம் கேட்கும், உணர்ச்சி கூடக் கேட்கும். சொல் மட்டும் கேட்காது.

இதை ஓரளவு சரிசெய்யும் வழிகள் எளியவை. குரல் மைக்குக்கு மட்டும் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிட்டால், மேடைப் பலகையில் கால் தட்டும் அதிர்வும் வாய்க்காற்றின் மோதலும் பெருமளவு குறைந்துவிடும். மைக்கை உதட்டிலிருந்து நான்கு விரல் தொலைவில், நேர் எதிரே இல்லாமல் சற்றுச் சாய்த்து வைத்தால் பகரம் வெடிக்காது. டோலக்குக்குச் சிறிய அரங்கில் மைக் தேவையா என்பதையே முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் அரங்கில் தேவைப்படவில்லை, ஆனாலும் வைத்திருந்தோம். பாடகர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக எதிரே தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை, மைக்கின் பின்புறம் பார்க்கும்படி வைத்தால் ஊளைச் சத்தம் வருவது குறையும். அது குறைந்தால் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்ற இடம் கிடைக்கும்.

இவையெல்லாம் அன்று எனக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். மைக்குகளின் ஒலியைக் கலந்து அளவு சரிசெய்யும் மிக்சர் கருவியில் அமர்ந்திருந்தவர் திறமையானவர். மெல்லிசை மேடைகளில் நீண்ட அனுபவம் உள்ளவர். மெல்லிசையில் பாடகரின் குரலுக்கு எக்கோ சேர்ப்பது ஒரு மரியாதை போன்றது. அது குரலைப் பெரிதாக்கும், வழவழப்பாக்கும், பிசிறை மறைக்கும். சோதனையின்போது காடும் நாடும் குழம்பியதும், அவர் எக்கோவைக் குறைத்து, குரலின் மேல்பகுதியைச் சற்று ஏற்றினார். அதன் பிறகு நான் மூன்று வரிகளைச் சரியாகத் திருப்பிச் சொன்னேன். பாடகரும் திருப்தியோடு உள்ளே போனார். நிகழ்ச்சி தொடங்கி, முதல் பாட்டுக்குக் கைதட்டல் எழுந்ததும், அரங்கம் சூடேறிவிட்டது என்ற உற்சாகத்தில், பழகிய கை தானாக எக்கோவை மீண்டும் ஏற்றியது. நானும் அதைக் கேட்டேன். அழகாக இருக்கிறது என்றே நினைத்தேன்.

நான்காவது பாட்டு, ஒரு சுரங்க விபத்தில் இறந்தவர்களுக்கான இரங்கல் பாட்டு. அதன் நடுவே தாளம் நிற்கும். கிட்டாரின் ஒற்றைக் கம்பி மட்டும் ஒலிக்க, இறந்த பதினேழு பேரின் பெயர்களையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். அன்று எக்கோவின் வால் ஒவ்வொரு பெயரின் மேலும் படிந்து, அடுத்த பெயரை மூடியது. ஏழாவது பெயரோ எட்டாவது பெயரோ, பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து நின்று, கோபமில்லாமல், மிகத் தெளிவாக, “அம்மா, பெயர்கள் கேட்கவில்லை” என்றார்.

பாடகர் பாட்டை நிறுத்தினார். அத்தனை பேர் இருந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மற்ற எந்த இசை நிகழ்ச்சியிலும் அது ஓர் இடையூறாக எண்ணப்பட்டிருக்கும். பாடகரோ மைக்கை விட்டு விலகி, மேடையின் விளிம்புக்கு வந்து, எதுவும் வாசிக்காமல், மீதிப் பெயர்களை வெறும் குரலில் சொல்லி முடித்தார். பிறகு, “இடைவேளைக்கு அப்புறம் இந்தப் பாட்டை முதலிலிருந்து பாடறேன். ஒரு பேரும் விட்டுப்போகக் கூடாது” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

இந்த இடத்தில், நாட்டுப்புற இசை உலகில் பலமுறை சொல்லப்பட்ட ஒரு நிகழ்வு எனக்கு நினைவுக்கு வந்தது. 1965 ஜூலை 25 அன்று, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கிட்டார் குழுவோடு மேடையேறியபோது, மூத்த பாடகர் பீட் சீகர் கடும் கோபம் கொண்டார். மரபை மீறியதற்காகவே அவர் கோபப்பட்டார் என்ற கதையே பரவலாக நிலைத்துவிட்டது. ஆனால் சீகர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன விளக்கம், ஒலி அவ்வளவு சிதைந்திருந்ததால் பாட்டின் சொற்கள் தமக்குப் புரியவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை என்பது. அந்த விளக்கத்தை முதன்முதலாகப் படித்தபோது, பெரியவர் சமாதானம் சொல்கிறார் என்றே எண்ணியிருந்தேன். பெயர்கள் கேட்கவில்லை என்று ஒருவர் எழுந்து நின்ற பிறகு, அவரை முழுமையாக நம்புகிறேன். வாழ்நாள் முழுதும் சொல்லைச் சுமந்து திரிந்த ஒருவருக்கு, சொல் கேட்காமல் போவதைவிடப் பெரிய இழப்பு மேடையில் இருக்க முடியாது.

இடைவேளையில் நான் மிக்சருக்கு ஓடினேன். இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: ஒலிக் கலைஞரைக் குறைசொல்லத் தொடங்கினால் காரியம் கெடும். அவருக்கு நான் பாட்டு வரிகளைக் கொடுத்திருக்க வேண்டும். எங்கே தாளம் நிற்கும், எங்கே பெயர்கள் வரும், எந்த வரியை ஒருவரும் தவறவிடக் கூடாது என்பதை முன்னமே குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்திருந்தது பாட்டுகளின் தலைப்புகள் மட்டுமே உள்ள ஒரு தாள். பாட்டின் பொருள் தெரியாத ஒருவரிடம் பொருளைக் காப்பாற்றும்படி கேட்பது நியாயமில்லை. அன்று இடைவேளையில் அவர் பக்கத்தில் அமர்ந்து, சுரங்கப் பாட்டின் வரிகளை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எக்கோவைக் கட்டுப்படுத்தும் ஃபேடரை அடிவரை இறக்கி, மீண்டும் கை போகாதபடி அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். டோலக்கின் மைக்கையும் அவராகவே மூடினார்.

இன்னொரு மாற்றமும் செய்தோம். முன்வரிசையில் காலியாகக் கிடந்த இருக்கைகளில், பின்வரிசைகளில் இருந்தவர்களை அழைத்து அமர்த்தினோம். திறந்த வெளியில் ஒலி பிறக்கும் இடத்துக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி அளவு 6 டெசிபல் குறையும். மூடிய அரங்கில் அந்தக் குறைவைச் சுவர்களின் எதிரொலி ஓரளவு நிரப்பிவிடுகிறது. ஆனால் நிரப்புவது சொல்லின் தெளிவைக் கெடுக்கும் ஒலிதான். ஆகவே பின்வரிசைக்காரருக்கு ஒலியைக் கூட்டுவதைவிட, அவரை முன்னால் கொண்டுவருவதே நல்லது. போராட்டப் பாட்டு நிகழ்ச்சியில் விருந்தினருக்கென்று முதல் இரண்டு வரிசைகளை ஒதுக்கி, அவர்கள் வராமல் அவை வெறுமையாகக் கிடப்பதைப் போல மனத்தை உறுத்தும் காட்சி வேறில்லை; அவ்வாறு ஒதுக்குவதையே விட்டுவிடலாம்.

இரண்டாம் பாதியின் முதல் பாட்டாகச் சுரங்கப் பாட்டையே பாடினார். பதினேழு பெயர்களும் கேட்டன. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு அவர் ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சும் கேட்டது. பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கைதட்டக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. அறிவிப்பாளராக இருந்த எங்கள் நண்பர் மேடையேறப் போனபோது, பாடகர் கையை இலேசாக உயர்த்தி அவரை நிறுத்தினார். அந்த மௌனத்தை விட்டுவைத்ததற்கு நான் இன்றுவரை நன்றியோடிருக்கிறேன். இரங்கல் பாட்டுக்குப் பின் உடனே “அருமை, அருமை” என்று மைக்கில் பேசுகிறவர்களை வேறு நிகழ்ச்சிகளில் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனாலும் பாட்டு கேட்பவருக்குள் இறங்கும் நேரத்தை அவர்கள் பறித்துவிடுகிறார்கள்.

அரங்கத்தைச் சேர்ந்து பாடவைப்பதில் அவர் காட்டிய நுட்பம் தனியாகப் படிக்கத் தக்கது. ஒவ்வொரு வரியையும் பாடுவதற்குச் சற்று முன்னதாக, தாளம் விட்டுப்போகாமல், அதன் சொற்களை வேகமாகச் சொல்லிவிடுவார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டு பாடும். சீகரும் இதே முறையைக் கையாண்டவர். பாட்டும் அதற்கேற்ற அமைப்பில் இருக்க வேண்டும்: வரி குறுகியதாகவும், ஒவ்வொரு கண்ணியிலும் ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் மாறுவதாகவும் இருந்தால், முதன்முறை கேட்பவரும் மூன்றாவது கண்ணிக்குள் பாடகராகிவிடுவார். “வீ ஷல் ஓவர்கம்” (நாங்கள் வெல்வோம்) என்ற பாட்டு உலகம் முழுதும் பரவியதற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1945-இல் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்கள் அதைப் பாடினார்கள். இயக்கத்தினருக்குப் பயிற்சி தந்த டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் ஜில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுப் பிறருக்குக் கற்பித்தார். அவரிடமிருந்து சீகர் கற்றார். பின்னர் கை கேரவன் என்ற பாடகரும் அதை எடுத்துச் சென்றார். 1960-இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மாணவர் இயக்கத்துக்குக் கேரவன் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வழியில் எங்கோ “வில்” என்ற சொல் “ஷல்” ஆயிற்று. பாடப் பாட வாய் திறந்து ஒலிக்கும் சொல் நிலைத்தது. பல வாய்கள் பாடித் தேய்த்து மெருகேற்றிய பாட்டு அது.

கூட்டத்தைக் கைதட்டச் சொல்லும்போது ஒரு சிக்கல் வரும். அதை அன்று கண்கூடாகப் பார்த்தேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எங்கள் கடைசி வரிசை மேடையிலிருந்து 25 மீட்டர் தொலைவில் இருந்தது. மேடைத் தாளம் அங்கே சேர நொடியில் நூற்றில் ஏழு பங்கு ஆகும். அதைக் கேட்டு அவர்கள் தட்டுவது மேடைக்குத் திரும்பிவர அதே நேரம் ஆகும். நிமிடத்துக்கு நூறு தட்டு என்ற வேகத்தில் போகும் பாட்டில், இந்தத் தாமதம் ஏறத்தாழ கால் தட்டு அளவுக்கு வந்துவிடுகிறது. பாடகர் கூட்டத்தின் கைதட்டலைக் கேட்டுத் தம் தாளத்தை அமைத்துக்கொண்டால், பாட்டு கண்ணிக்குக் கண்ணி தளர்ந்து இழுபடும். டோலக் வாசித்தவர் கூட்டத்தைக் காதால் பின்தொடரவேயில்லை. பாடகர் தலைக்கு மேலே கையை உயர்த்தித் தட்டினார், பின்வரிசை அந்தக் கையைக் கண்ணால் பார்த்துத் தட்டியது. ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால்தான் மேடை விளக்கு அவர் முகத்தில் மட்டுமன்றிக் கைகளிலும் விழ வேண்டும் என்று அவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

கைப்பேசியில் பதிவு செய்வது பற்றி அவருக்குத் திட்டவட்டமான கருத்து இருந்தது. தம்மைப் படம் எடுக்கலாம், பாட்டைப் பதிவு செய்யலாம், யாருக்கும் அனுப்பலாம். பார்வையாளர்களின் முகத்தை மட்டும் எடுக்கக் கூடாது. நிகழ்ச்சிக்கு முன் இதை அவரே மைக்கில் சொன்னார். அரங்கத்தில் இருப்பவர்களில் சிலர் வேலையிழக்கும் அச்சத்தோடு வந்திருக்கலாம். வீட்டில் சொல்லாமல் வந்திருக்கலாம். ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருப்பவராக இருக்கலாம். நிகழ்ச்சியின் நினைவாக நாம் எடுக்கும் ஒரு படம் அவர்களுக்கு எதிராகப் பயன்படக்கூடும். 1955 ஆகஸ்டில், கம்யூனிஸ்ட் தொடர்புகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு சீகரை விசாரித்தபோது, தம் பாடல்களைப் பற்றிச் சொல்லவும், பாடிக்காட்டவும்கூட அவர் முன்வந்தார். எங்கே பாடினேன், யாருடன் பாடினேன், யார் கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்ல மறுத்தார். அதற்காகத் தொடரப்பட்ட அவமதிப்பு வழக்கில் 1961-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1962-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஏழு ஆண்டுக் காலம் ஒருவர் காத்த அந்த விவரத்தை, நாம் நம் கையாலேயே பொதுவெளியில் போட்டுவிடக் கூடாது. ஏற்பாட்டாளர்களாகிய நாங்களும் அதன் பிறகு மேடையைப் பார்த்து மட்டுமே படம் எடுத்தோம். கூட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தபோது பின்னாலிருந்து, தோள்களும் தலைகளும் மட்டும் தெரியும்படி எடுத்தோம்.

கேட்க வருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கத் தோன்றுகிறது. புகழ்பெற்ற அந்த ஒரு பாட்டைப் பாடுங்கள் என்று மூன்றாவது பாட்டிலேயே குரல் கொடுக்காதீர்கள். இத்தகைய பாடகர் பாட்டுகளை வரிசைப்படுத்துவது ஒரு வாதத்தை அமைப்பதைப் போன்றது. எது முதலில், எது பின்னால் என்பதில் பொருள் இருக்கிறது. பாட்டுகளுக்கு இடையே அவர் பேசுவதும் பாட்டின் பகுதியே. யாருடைய பாட்டு, எங்கே முதலில் பாடப்பட்டது, பாடியவர்களுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்; அந்த இரண்டு நிமிடத்தில் பக்கத்திலிருப்பவரோடு பேசினால் அடுத்த பாட்டு பாதிதான் கேட்கும்.

நிகழ்ச்சி முடிந்து, அரங்கம் காலியாகி, கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் என்னை அழைத்து ஒரு நோட்டைக் கொடுத்தார். ஓரங்கள் மடங்கி, அட்டை கழன்று, நூலால் கட்டப்பட்டிருந்த பழைய நோட்டு அது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அரங்கம், அல்லது ஒரு தெருமுனை, அல்லது ஒரு ஆலை வாசல். தேதி, கூட்டத்தின் அளவு, எந்த எழுத்து கேட்கவில்லை, எதனால். பல பக்கங்கள் அவர் கையெழுத்தில் இல்லை. அந்தந்த இடத்தில் ஒலியைக் கவனித்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

“இந்தப் பக்கத்தை நீங்க எழுதுங்க, தம்பி. அடுத்து யாராவது இங்க பாட வந்தா கேப்பாங்க.”

அரங்கின் நீளத்தையும், எக்கோ வேண்டாம் என்பதையும், டோலக்குக்கு மைக் தேவையில்லை என்பதையும் எழுதினேன். மிக்சரில் இருந்தவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பேனாவை வாங்கி, இடப்பக்கச் சுவருக்குத் திரைச்சீலை போட்டால் நல்லது என்று தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். பாடகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். “முதல் பாதியில ஏழு பேர் பேரு கேக்கலை. அதையும் எழுதிடுங்க” என்றார். எழுதினேன்.